தொண்ணூற்றெட்டும் அதற்குக் கீழே உள்ள எண்ணும்

எங்கள் வீட்டு வாசற்கதவுக்கு உட்புறம், மின்சார மீட்டர் பெட்டிக்குச் சற்றுக் கீழே ஓர் ஆணி இருக்கிறது. அதில் சிவப்புக் கயிற்றில் ஓர் ஆக்சிமீட்டர் தொங்கும். கொரோனாக் காலத்தில் வாங்கிய அந்தக் கருவி பெரும்பாலான வீடுகளில் இன்று ஏதோ ஓர் இழுப்பறையில், செத்துப்போன பேட்டரியோடு கிடக்கும். எங்கள் வீட்டில் அது ஆணியை விட்டு இறங்கவில்லை. பேட்டரி தீர்வதற்கு முன்பே அப்பா புதிது மாற்றிவிடுவார்.

மேலகரத்தில், குற்றாலத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறைகள். சாரல் தொடங்கியதும் அவற்றை அருவியில் குளிக்க வருபவர்களுக்கு விடுவோம். அப்பா தென்காசியில் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவியைக் கொடுப்பதும் வாங்குவதும் அவர் பொறுப்பு. மற்றவை எல்லாம் அம்மா. விரிப்புகளை மாற்றுவாள். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு திரும்பும் குழந்தைகளுக்கு வெந்நீர் காய்ச்சி, வாளியோடு மாடிக்குத் தூக்கிப் போவாள். எண்ணெய்ச் சிக்கு ஏறிய துண்டுகளை அலசி, வெயிலே எட்டிப் பார்க்காத நாட்களில் ஒரு கொடியிலிருந்து இன்னொரு கொடிக்கு மாற்றி மாற்றி உலர்த்துவாள்.

அருவிகளில் குளிப்பதற்கு இருந்த தடை நீங்கி ஆட்கள் மறுபடி வரத் தொடங்கிய சீசனில்தான் அப்பா அந்தக் கருவியை வாங்கினார். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் ஒவ்வொருவரின் விரலையும் அதற்குள் வைக்கச் சொல்வார். கருவியின் முகப்பில் இரண்டு எண்கள் ஒளிரும். மேலே இருப்பது ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்பது. கீழே, சிறிய இதய அடையாளத்துக்குப் பக்கத்தில், நாடி நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பது. அப்பா மேல் எண்ணை மட்டுமே பார்ப்பார். அந்த நாட்களில் கீழ் எண்ணை யாரும் கேட்கவில்லை. ஒருமுறை, களைப்பாக இருக்கிறது, படுத்தால் சரியாகிவிடும் என்று சொன்ன ஒரு பெரியவருக்கு மேல் எண் எண்பத்தொன்பது காட்டியது. அப்பா அறை தர மறுத்து, அவரை நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அவர் பிழைத்துக்கொண்டு, அடுத்த சீசனில் அல்வாப் பொட்டலத்தோடு வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கருவியின் சொல்லுக்கு அப்பீல் கிடையாது.

நான் திருநெல்வேலியில் தமிழ் இலக்கியம் முதுகலை படிக்கிறேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிறவளுக்கு வீட்டில் நடப்பவை துண்டு துண்டாகத்தான் தெரியும். அம்மா மாடிப்படியின் நடுவில் வாளியை இறக்கி வைத்துவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒருமுறை நின்றாள். பிறகு படிகளின் திருப்பத்தில் உட்காரத் தொடங்கினாள். ஒரு நாள் அவள் மூச்சிரைப்பது சமையலறை வரை கேட்டது. அப்பா ஆணியிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

"தொண்ணூத்தெட்டு" என்று அங்கிருந்தே அறிவித்தார். "ஒண்ணும் இல்ல ஒனக்கு. வயசாகுதுல்லா."

"எனக்கு மட்டுந்தான் வயசாகுதாக்கும்" என்றாள் அம்மா. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடங்களில் மூச்சு வாங்கினாள்.

ஆண்டுதோறும் சிவகாசியிலிருந்து வரும் ஒரு குடும்பம் உண்டு. அந்த வீட்டு அக்காதான் முதலில் கவனித்தார். அம்மா நீட்டிய சாவியை வாங்கும்போது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "என்னக்கா இது, கையில ஒரு பொட்டு ரத்தம் இல்ல, சுண்ணாம்பு மாதிரி இருக்கு" என்றார்.

"சாரல்ல நனைஞ்சா எல்லாருக்கும் கை வெளுக்கத்தான் செய்யும். நீங்க ஐந்தருவிக்குப் போயிட்டு வந்து ஒங்க கையப் பாருங்க."

அந்தச் சீசன் முழுக்க அம்மா வெளுத்துக்கொண்டே போனாள். அந்தச் சீசன் முழுக்கக் கருவி தொண்ணூற்றெட்டு என்றது, எப்போதாவது தொண்ணூற்றேழு. வந்தவர்கள் போய், விரிப்புகளையெல்லாம் துவைத்து மடிக்க வேண்டிய நாளில் அவள் வாளியோடு படிகளில் சரிந்தாள். வாளி கீழ்ப்படிவரை உருண்டது. அவள் உருளவில்லை, சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடுகள் சுவரின் நிறத்தில் இருந்தன.

மருத்துவமனையில் அம்மாவைப் பார்த்தவர் என்னைவிடச் சில வயதே மூத்த ஒரு பெண் டாக்டர். ஆய்க்குடிப் பக்கம் பிறந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. குரல் மட்டும் மெதுவாயிற்று. இருக்க வேண்டிய ஹீமோகுளோபினில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது, இன்றைக்கே இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்.

அப்பா சட்டைப்பையிலிருந்து ஆக்சிமீட்டரை எடுத்து அம்மாவின் விரலில் மாட்டி, டாக்டர் பக்கம் திருப்பிக் காட்டினார். "டாக்டரம்மா, இந்தா பாருங்க. தொண்ணூத்தெட்டு. வீட்டுலயும் தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"மெஷின் சரியாத்தான் சொல்லுது சார். ரத்தத்துல எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கோ, அதுல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு ஆக்சிஜனை ஏத்திக்கிட்டுப் போகுதுன்னு சொல்லுது. மொத்தமே எவ்வளவு இருக்குன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. நாம கேக்குத கேள்வி வேற, அது சொல்லுத பதில் வேற."

அப்பா புரியாமல் நின்றார். கட்டிலில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "அப்போ நம்ம மாடி மாதிரின்னு சொல்லுங்க. ரெண்டு ரூமும் ஃபுல்லு. ரூம் காலி இல்லன்னு போர்டும் தொங்கவிட்டாச்சு. வந்த கூட்டம் பூரா பைய வச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கி."

டாக்டர் சிரித்துவிட்டார். "இனிமே இதைத்தாம்மா நான் எல்லாருட்டயும் சொல்லப்போறேன்."

"சொல்லுங்க. வாடகை கேக்க மாட்டேன்."

அப்பா சிரிக்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரூம் ஃபுல்லா இருந்தா நல்லதுதானே" என்றார்.

இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுத்துச் சோதித்தார்கள். சிவப்பணுக்கள் பிறக்கும் இடம் அதுதான். அம்மாவின் மஜ்ஜையில் பிறப்பு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது; அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டோம். பலருக்குக் காரணம் தெரிவதில்லை என்றார் டாக்டர். வேறொருவரின் மஜ்ஜையை வைக்கும் சிகிச்சையை அம்மாவின் வயதும் பலவீனமான இதயமும் தாங்கா என்று திருநெல்வேலியில் சொன்னார்கள். மாத்திரைகள் தரப்பட்டன. அவை பலன் தரச் சில மாதங்கள் ஆகும் என்றார்கள். மாதங்கள் ஆயின. மாத்திரைகள் பலன் தரவில்லை. எஞ்சியது, தீரத் தீரப் பிறர் இரத்தத்தை ஏற்றுவது ஒன்றுதான்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் உயிரியல் படித்தவள். அதில் கற்றது மதிப்பெண்ணோடு முடிந்துபோயிருந்தது. கல்லூரி நூலகத்தில், எங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத வரிசையிலிருந்து ஓர் உடலியங்கியல் நூலை எடுத்து ரயிலில் படித்தேன். அதனால் எதுவும் மாறப்போவதில்லை என்று தெரியும். அம்மாவிடம் குறைந்துகொண்டிருப்பது என்ன என்பதையாவது சரியாக அறிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அறிய முடிந்தது அது ஒன்றுதான்.

இரத்தத்தின் நீரில் தானாகக் கரையும் ஆக்சிஜன் மிகச் சொற்பம். அதை மட்டும் நம்பினால் நம் போன்ற உயிர்கள் எழுந்து நிற்கக்கூட முடியாது. எனவே சிவப்பணு ஒவ்வொன்றும் தனக்குள் ஹீமோகுளோபினை நிரப்பி வைத்திருக்கிறது. மடிந்து சுருண்ட நான்கு புரத இழைகள். ஒவ்வோர் இழைக்குள்ளும் ஒரு வளையம். வளையத்தின் நடுவே ஓர் இரும்பணு. அந்த இரும்பில் ஆக்சிஜன் தொற்றிக்கொள்கிறது. துருவாக மாறிவிடாமல், வேண்டிய இடத்தில் கழன்றும் விடுகிறது. முதல் ஆக்சிஜன் உள்ளே வருவது கடினம். அது வந்துவிட்டால் நான்கு இழைகளும் சேர்ந்து சற்று நெகிழ, மற்றவை எளிதில் வந்து அமர்கின்றன. நுரையீரலில் இப்படி நிறைந்து, உடலில் எங்கே வேலை நடக்கிறதோ, எங்கே சூடும் புளிப்பும் கரியமில வாயுவும் கூடுகின்றனவோ, அங்கே பிடியைத் தளர்த்துகின்றன. எங்கே பற்ற வேண்டும், எங்கே விட வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அந்தப் புரதத்துக்குத் தெரிகிறது.

ஒரு பக்கத்தில் இருந்த செய்தி என்னை நெடுநேரம் நிறுத்தியது. இரத்தம் மெல்ல மெல்லக் குறையும்போது, எஞ்சியிருக்கும் ஹீமோகுளோபின் தன் பிடியை இன்னும் இளக்கி, தசைகளுக்கு வழக்கத்தைவிடத் தாராளமாக ஆக்சிஜனைக் கொடுக்கிறது. இதயம் வேகத்தைக் கூட்டி, இருக்கும் கொஞ்சத்தை அடிக்கடி சுற்றிவரச் செய்கிறது. அம்மா ஒரு சீசன் முழுக்க வாளி தூக்கியது இப்படித்தான். அவள் உடல் அவ்வளவு பொறுப்பாகச் சமாளித்ததால்தான் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. கருவியின் கீழ் எண்ணில் அது தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

அப்பா எந்த நூலையும் நாடவில்லை. சுவரொட்டியை நாடினார். ஆட்டு மண்ணீரலுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். இரத்தம் ஊற அதை நெருப்பில் வாட்டி, மிளகும் உப்பும் தூவிக் கொடுப்பார்கள். ஓர் ஆட்டில் ஒன்றுதான் இருக்கும் என்பதால் தென்காசிக் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உடன் போனேன்.

"பாய், சுவரொட்டி என்னாச்சு?"

"ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. வக்கீல் வீட்டுக்குச் சொல்லி வச்சிருக்காவ."

"வக்கீலுக்கு என்னத்துக்கு? கோர்ட்டுல அவர் கத்துத கத்துக்கு ரத்தம் கொறைஞ்ச மாதிரியா தெரியுது?"

கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆட்டுக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி படைச்சவன் வச்சிருக்கான். நான் படைச்சிருந்தா ஒங்களுக்காக ரெண்டா வச்சிருப்பேன்." சொல்லிக்கொண்டே அதை எடுத்து இலையில் மடித்து அப்பாவிடம் தந்தார். வக்கீல் வீட்டுக்கு அன்று என்ன சொன்னாரோ தெரியாது.

அம்மாவுக்கு இரும்பு குறையவில்லை. ஏற்றிய இரத்தத்திலிருந்து வந்த இரும்பு வெளியேற வழியின்றி அவள் கல்லீரலிலும் இதயத்திலும் படிந்துகொண்டிருந்தது. சுவரொட்டி, ஈரல் எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதை அப்பாவிடம் எடுத்துச் சொல்ல எழுந்தபோது அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுட்டி. அவருக்கு ஞாயித்துக்கெழம ஒரு வேலை வேணும்லா. நான் ஒரு துண்டு தின்னுட்டு மிச்சத்த ஒனக்குத் தாரேன். ஒனக்குந்தான் மூஞ்சியில ரத்தம் இல்ல."

அன்று வாங்கிய கறியை நான் கழுவும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "ரொம்பக் கழுவாத. ரத்தம் பூரா போயிரும்." பாத்திரத்தில் சிவந்த நீர் தேங்கியிருந்தது. அது இரத்தம் இல்லை. அறுத்த ஆட்டின் இரத்தம் கடையிலேயே வடிந்துவிடுகிறது. கறிக்கு நிறம் தருவது மயோகுளோபின் என்ற வேறொரு புரதம். ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவு. ஆனால் நான்கு இழைகள் இல்லை, ஒன்றுதான். ஊர் சுற்றுவதும் இல்லை, தசைக்குள்ளேயே குடியிருக்கிறது. இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை வாங்கி இறுகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தசைக்குள் ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லை என்ற நிலை வரும்போதுதான் அதை விடுகிறது. கடலுக்கடியில் நெடுநேரம் மூச்சடக்கும் திமிங்கலத்தின் தசை, இந்தப் புரதம் மிகுந்திருப்பதால் கறுப்பாகவே தெரியுமாம்.

அப்பாவிடம் இவற்றைச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"எல்லாஞ் சரி. திமிங்கலக் கறி நல்லதுன்னு உங்கப்பாட்ட மட்டும் சொல்லிராத. தூத்துக்குடிக்கு பஸ் ஏறிருவாரு."

நூலில் இருந்த இன்னொன்றையும் அன்றே சொன்னேன். கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின் வேறு வகை. தாயின் ஹீமோகுளோபினைவிட இறுக ஆக்சிஜனைப் பற்றும். குழந்தைக்குச் சொந்த மூச்சு இல்லாததால் தாயின் இரத்தத்தில் இருப்பதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள இயற்கை அப்படி வைத்திருக்கிறது.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "புடுங்கித் தின்னதுக்கும் புஸ்தகத்துல எழுதி வச்சிருக்கானா?"

பிறகு என் பின்னலை எடுத்து, அவிழ்ந்திருந்த நுனியைக் கட்டிவிட்டாள். அந்தச் சிறு வேலைக்கே அவள் விரல்கள் ஒருமுறை ஓய்வெடுத்தன.

முதல் சில மாதங்கள் இரத்தம் ஏற்றியதற்கு மறுநாள் வீடு வேறாக இருந்தது. அவள் உதட்டில் நிறம் வரும். யாருடைய தடையும் கேளாமல் மாடிக்குப் போய்ப் போர்வைகளை உதறுவாள். கீழேயிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்கும் அப்பா, "கேட்டியா?" என்று என்னைப் பார்ப்பார். மறுபடி படிகளின் திருப்பத்தில் அவள் உட்காரும்வரை எங்களுக்குச் சில வாரங்கள் கிடைக்கும். பிறகு அந்த வாரங்கள் குறைந்தன. ஏற்றிய இரத்தம் எங்கே போகிறது என்று அப்பா கோபமாகக் கேட்டார், ஏதோ தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை இருப்பதைப்போல.

டாக்டர் என்னைத் தனியே அழைத்து விளக்கினார். பலருடைய இரத்தம் ஏறி ஏறி, அம்மாவின் உடல் அவற்றை அந்நியமாகக் கண்டுகொள்ளக் கற்றுவிட்டது. புதிதாக வரும் சிவப்பணுக்களில் அது அடையாளமிட்டுவிடுகிறது. அடையாளம் விழுந்தவற்றை மண்ணீரல் பிடித்து உடைத்துவிடுகிறது. இனி அவளுக்குப் பொருந்தும் இரத்தத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தேடுவது கடினமாகிக்கொண்டே போகும்.

"மண்ணீரலா?" என்று கேட்டேன்.

"ஆமா. ஏன்?"

ஒன்றும் இல்லை என்று சொன்னேன். வீட்டில் அப்பா ஒரு மண்ணீரலை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு மண்ணீரல் அம்மாவுக்குள் தன் வேலையைப் பிசகாமல் செய்துகொண்டிருந்தது.

அன்று மாலை, அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குத் தேவை இருக்கவில்லை. "ரத்தம் ஒட்ட மாட்டேங்கு, அப்படித்தானே?" என்று அவளே கேட்டாள். நான் தலையசைத்தேன். சற்று நேரத்தில் அப்பா கருவியோடு வந்து அவள் விரலில் மாட்டினார். மேலே தொண்ணூற்றெட்டு. கீழே நூற்று இருபத்தாறு. அவள் மறு கையால் கருவியைத் தாங்கிப் பிடிப்பவளைப்போலக் கட்டைவிரலைக் கீழ் எண்ணின்மேல் வைத்து மறைத்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

"தொண்ணூத்தெட்டு."

"பெறகென்ன? போய்க் காப்பியக் குடிங்க. ஆறுது."

அவர் போனபின் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மூடிய இடத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. காதுக்குள் துடிக்கும் எண்ணைக் கருவியில் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. தாங்கிப் பிடிக்கும் கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்தது. அப்பா ஒரு நாளும் விரலை எடுக்கச் சொல்லவில்லை.

இந்த ஆண்டு சாரல் முன்னதாகவே வந்தது. மேற்கே மலை மறைந்து, தெருவெங்கும் ஈரமண்ணும் நேந்திரங்காய் வறுக்கும் எண்ணெயும் மணத்தன. மாடி அறைகளைத் திறப்பதில்லை என்று நானும் அப்பாவும் முடிவு செய்திருந்தோம். அம்மா அதைக் கேட்டுவிட்டு, சிவகாசி அக்காவுக்குத் தானே போன் செய்து வரச் சொல்லிவிட்டாள்.

"ஆள் வராம வீடு நாறிப் போயிரும்" என்றாள். "நான் ஒண்ணும் தூக்கல. இங்கன உக்காந்துக்கிட்டு ஏவுதேன். வேலக்காரிக்கா பஞ்சம்? எம்.ஏ. படிக்கா."

அதற்கு முந்தைய வாரம்தான் டாக்டர் போனில் பேசியிருந்தார். சோதித்துப் பார்த்த எந்தப் பை இரத்தமும் அம்மாவுக்குப் பொருந்தவில்லை. மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் கேட்டிருக்கிறார்கள். கிடைத்தால் உடனே அழைப்பதாகச் சொன்னார். கிடைக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. "அம்மாவை நடக்க விடாதிய. ரொம்ப மூச்சு வாங்குனா கூட்டிட்டு வாங்க. நம்பரப் பாக்காதிய" என்றார். அன்று போனில் அதுவரை நோயாளியின் வீட்டாரிடம் டாக்டர்கள் பேசும் பொதுத்தமிழில் பேசிவந்தவர், கடைசியில் ஊர்த்தமிழுக்கு வந்திருந்தார். அதிலிருந்தே நான் தெரிந்துகொண்டேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய், ஆணியில் கருவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

சிவகாசிக் குடும்பம் வந்தது. அந்த அக்கா அம்மாவைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சாவியை நீட்டினாள்.

"போன தடவ கையத்தானே பாத்திய. இந்தத் தடவ மூஞ்சியையும் பாத்துக்கிடுங்க. பவுடரே போடல, அம்புட்டு வெள்ளை."

அந்த அக்கா சிரிக்க முயன்று, முடியாமல், குழந்தைகளை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். வெந்நீர் வாளியை நான் தூக்கினேன். படிகளின் திருப்பத்தில் என்னையறியாமல் நின்றேன். மூச்சு வாங்கவில்லை, அது அவள் நிற்கும் இடம். கீழேயிருந்து குரல் வந்தது: "என்னட்டி அங்கன? ஆறிரப் போகுது." குரலின் கடைசிச் சொல் காற்றாகத்தான் வந்து சேர்ந்தது.

மறுநாள் பேரருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டார்கள். வந்தவர்கள் வெளியே போக முடியாமல் மாடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த துண்டுகளை மடித்து அம்மாவின் மடியில் வைத்தேன். அவற்றை அடுக்குவது மட்டும் அவள் வேலை. இரண்டை அடுக்கினாள். மூன்றாவது கையிலேயே நின்றது. அவள் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் எழுந்து இறங்கின. கழுத்துக் குழியில் துடிப்பு வெளியே தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டேன்.

"அங்கன போய்? அவங்ககிட்ட இருந்தா அவங்களே கூப்பிட மாட்டாங்களா?"

போக வேண்டும் என்றேன். ஆக்சிஜனாவது வைப்பார்கள் என்றேன்.

"இருக்க ரூமுக்கு ஆள் இருக்குட்டி" என்றாள். "ரூமுதான் இல்ல." சற்றுப் பொறுத்து, "உங்கப்பா காப்பி குடிக்கட்டும். குடிச்சப்புறம் போவோம்" என்றாள்.

அது அப்பா கருவியோடு வரும் நேரம். வாசலில் ஆணியிலிருந்து கயிறு கழலும் ஓசை கேட்டது. அவர் வந்து அம்மாவின் சுட்டுவிரலில் கருவியை மாட்டினார். மாட்டியதும் முகப்பைப் பார்க்கக் குனியவில்லை. காப்பித் தம்ளரை எடுப்பவரைப்போலத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எப்போதும் அப்படித்தான் நின்றிருக்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். எண் தோன்றச் சில நொடிகள் ஆகும். அதற்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அம்மா மறு கையைத் தூக்க முயன்றாள். கை துண்டுகளின் மேலிருந்து சற்று எழுந்து மீண்டும் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

முகப்பில் மேலே தொண்ணூற்றெட்டு ஒளிர்ந்தது. கீழே இருந்த எண்ணையும் பார்த்தேன். அதை இங்கே எழுத விரும்பவில்லை. மண்டியிட்டு, அவள் விரலோடு சேர்த்துக் கருவியைத் தாங்கிப் பிடித்து, என் கட்டைவிரலைக் கீழ் எண்ணின்மேல் வைத்தேன்.

"சரிப்பா" என்றேன்.

அப்பா திரும்பினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு" என்றார்.

"பெறகென்ன" என்றாள் அம்மா.